ஏட்டின் ஓரமும் வாசகரின் ஐயமும்: தமிழ் இலக்கிய வாசிப்பில் குறிப்பெடுத்தலின் வரலாறு பற்றி

1937ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் ஏதேனும் ஒரு பாடலுக்குரிய பக்கங்களை எடுத்துக்கொண்டால், நான்கு முதல் எட்டடிக்குள் அமையும் மூலச் செய்யுள் அப்பக்கங்களில் மிகச் சிறு பகுதியையே பெற்றிருப்பதைக் காணலாம். செய்யுளைத் தொடர்ந்து அதன் கூற்று, அடுத்து ஏடுகளிற் கண்ட பாடவேறுபாடுகள், பின்னர்ப் பதவுரை. ‘முடிபு’ என்னும் தலைப்பில், அடைகளையும் அடைக்கு அடைகளையும் நீக்கிவிட்டு, எழுவாயும் பயனிலையும் எவ்வாறு கொண்டு முடிகின்றன என்பது ஓரிரு வரிகளில் காட்டப்படுகிறது. அதன்பின் கருத்து, விசேடவுரை, ‘மேற்கோளாட்சி’, ‘ஒப்புமைப் பகுதி’ என்பன வருகின்றன. இவற்றுள் மேற்கோளாட்சி என்னும் பகுதி, அப்பாடலின் எந்த அடியை எந்த உரையாசிரியர் எந்த இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டாக ஆண்டார் என்பதைத் தெரிவிப்பது. அஃதாவது, ஒரு பாடல் சில நூற்றாண்டுகளாக யார் யாரால் எப்படிப் படிக்கப்பட்டது என்பதன் பதிவு அது.

இப்பக்க அமைப்பு அச்சு யுகத்தில் திடீரெனத் தோன்றியதன்று. ஒரு வாசகர் தம் பொருட்டு எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகளே பிறர்க்குரிய பதிப்பாக வளர்ந்தன. குறிப்பு எடுத்தல் தமிழில் என்னென்ன வடிவங்களைப் பெற்றது என்பதையும், ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்குச் செல்லும்போது எவை கைநழுவின என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. கைநழுவியவை பெரும்பாலும் இரண்டு என்பது என் கருத்து: ஒன்று, சொல் வந்த இடம், மற்றொன்று, வாசகருக்கு எழுந்த ஐயம். சொல்லாராய்ச்சியாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்விரண்டுமே இன்றியமையாதவை.

ஓலையிற் குறிப்பு

அச்சுப் புத்தகத்தைப் படிப்பவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு இழுக்கலாம். ஏடு படித்தவர்க்கு அவ்வசதி இல்லை. ஓலையின் அகலம் சிறிது, வரிகள் நெருங்கியவை, ஓரம் பெரும்பாலும் ஏட்டெண்ணுக்கும் பகுதிப் பெயருக்குமே போதுமானது. எழுத்தாணியால் கீறியதை எளிதில் அழிக்கவும் இயலாது. இதற்கு மேலாக, படித்தல் என்னும் செயலே ஏட்டில் முடிவுகளின் தொடராக இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவால் வேறுபடவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. செய்யுள் அடி எங்கே முடிகிறது என்பதையும் வாசகரே யாப்பறிவால் கண்டுகொள்ள வேண்டும். ஓர் அடியைப் பிழையின்றி வாய்விட்டுப் படித்தவர், அதற்கு உரை எழுதும் வேலையில் பாதியை முடித்துவிட்டார் எனலாம்.

எனவே ஏட்டு மரபில் குறிப்பு என்பது மூலத்தின் ஓரத்தில் அன்றித் தனி நூலாகவோ, மூலத்தோடு சேர்த்துப் படியெடுக்கப்படும் பகுதியாகவோ உருப்பெற்றது. சிலப்பதிகாரத்தின் அரும்பதவுரை முதல் வகைக்கு நல்ல சான்று. அது தொடர்ச்சியான உரையன்று. படித்துச் செல்பவர் தடுக்கி நிற்கும் சொல்லில் தானும் நின்று, ஒரு சொல்லாலோ சிறு தொடராலோ பொருள் சொல்லிவிட்டு நகர்வது. தெளிவான அடிகளைத் தொடுவதேயில்லை. பின்னர் வந்த அடியார்க்குநல்லார் இதனை நன்கு பயன்படுத்திக்கொண்டு விரிவாக எழுதினார். ஆயினும் அவருரை நூல் முழுமைக்கும் கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் ஒருசேர அச்சிட்டபோது, ஒரு வாசகரின் குறிப்பு மற்றொருவர் கையில் உரையாக வளர்ந்த நிலையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பதிற்றுப்பத்தின் பழையவுரையும், 266ஆம் பாடலளவில் நின்றுபோகும் புறநானூற்றுப் பழையவுரையும் இவ்வகையில் ஒருங்கு ஆராயத்தக்கவை.

இரண்டாவது வகை, தொகைநூற் பாடல்களின் கீழ்க் காணப்படும் கூற்றும் புலவர் பெயரும். இவை பாடலின் உறுப்புகள் அல்ல; பாடலைப் படித்த ஒருவர், இஃது யார் யாரிடம் எச்சூழலில் கூறியது என்று தாம் கொண்ட முடிவை எழுதிவைத்தது. குறுந்தொகையில் 40ஆம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயனீரார், 41ஆம் பாடலைப் பாடியவர் அணிலாடுமுன்றிலார், 54 மீனெறிதூண்டிலார், 305 குப்பைக்கோழியார். இவர்களுடைய இயற்பெயர் தொகுத்தோருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாததை மறைத்து ஒரு பெயரைப் புனைவதும் எளிது. இடத்தை வெறுமையாக விடுவதும் எளிது. அவர்கள் இரண்டையும் செய்யாமல், பாடலிலே தம்மை நிறுத்திய தொடரையே பாடியவர்க்குப் பெயராக்கினர். அப்பெயரைக் காணும் ஒவ்வொருவரும் இரண்டு செய்திகளை அறிகிறோம்: பெயர் தெரியவில்லை என்பது ஒன்று, பழைய வாசகர் ஒருவர் அப்பாடலில் எதனை உயிர்நிலையாகக் கண்டார் என்பது மற்றொன்று. திறனாய்வு என்று நாம் இன்று பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு தொடரில் முடித்திருக்கிறார்.

கூற்றுகளிலும் இந்நேர்மை உண்டு. சில பாடல்களின் கீழே ஒரு சூழலைச் சொல்லி, வேறொரு சூழலும் ஆம் என்று இரண்டாவதும் தரப்பட்டுள்ளது. எழுதியவர் முடிவு செய்யாமல் விட்டார் என்று இதனைக் குறையாகக் கருதுவது பொருந்தாது. பாடலின் சொற்கள் இரண்டுக்கும் இடந்தருகின்றன என்பதை அவர் கண்டார், கண்டதை எழுதினார். இக்கருத்துக்குக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வர வேண்டியுள்ளது.

இடம் இழந்த சொற்கள்

செய்யுளிற் கண்ட அருஞ்சொல்லைத் தனியே எடுத்துப் பொருள் எழுதும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பிய உரியியலே அதற்குச் சான்று. எளிதில் விளங்கும் சொற்களை விடுத்து, விளங்காதவற்றையே கூறப்போவதாக ஆசிரியர் அவ்வியலில் எல்லை வகுத்துக்கொள்கிறார். ‘கடி’ என்னும் ஒரு சொல்லுக்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று எனப் பத்துப் பொருள்களைத் தந்து, அடுத்து ஐயம், கரிப்பு என இரண்டையும் சேர்க்கிறார். இப்பன்னிரண்டும் ஒரே அமர்வில் எண்ணிப் பார்த்துச் சொல்லப்பட்டிருக்க இயலாது. வெவ்வேறு செய்யுள்களில் வெவ்வேறு நேரத்தில் எதிர்ப்பட்டவற்றின் தொகுப்பாகவே இருத்தல் வேண்டும். ஆனால் நூற்பாவாகச் சுருங்கியபோது அச்செய்யுள்கள் மறைந்துவிட்டன. பொருள்கள் மட்டும் எஞ்சின. உரையாசிரியர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டைத் தேடித் தருகின்றனர். இளம்பூரணரும் சேனாவரையரும் அவ்விடத்தில் செய்வது, இடம் இழந்த சொற்களுக்கு மீண்டும் ஓர் இடத்தை அளிக்கும் வேலையே. அவர்கள் காட்டும் இடம் தொல்காப்பியர் மனத்தில் இருந்த இடந்தானா என்பது வேறு வினா.

திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளில் இவ்விழப்பு முழுமை பெறுகிறது. மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற செய்யுள் வடிவம், பொருட்பாகுபாடு ஆகியன அவற்றின் சிறப்புகள். ஆனால் இச்சொல் இப்பொருளில் எங்கே வந்தது என்று கேட்டால் நிகண்டு விடை கூறாது. அதுவே அதன் இயல்பு. அதற்காக அதனைக் குறைகூற வேண்டியதில்லை. நிகண்டை இலக்கியச் சான்றாகக் கொள்ளும் நம் வழக்கம்தான் குறைகூறத்தக்கது.

பெயர் சொல்லாத மேற்கோள்கள்

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்ததும், அவர் வினாவியபோது தாம் சிந்தாமணி முதலியவற்றைப் படித்திராமையை உணர்ந்ததும் பலரும் அறிந்த வரலாறு. அச்சந்திப்பின் உணர்ச்சிப் பகுதி மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகிறது. அதற்கும் 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளில் அவர் எவ்வாறு படித்தார் என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. நமக்கு வேண்டுவது அதுதான்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை, பயிலாதவர்க்கு நூலினும் கடினமானது. அவர் தம் கருத்தை நிறுவுவதற்குப் பழஞ்செய்யுள் அடிகளை எடுத்துக்காட்டுவார். எந்நூலைச் சார்ந்தவை என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் நிறுத்திவிடுவார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அடியைக் கேட்டவுடனே நூல் நினைவுக்கு வந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நினைவு அறுந்துபோயிருந்தது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் ஆகியவற்றில் ஊறிய கல்வி எட்டுத்தொகையின் பெயர்களையே நன்கறியாத நிலையில் இருந்தது. ஆகவே சாமிநாதையர்க்கு ஒவ்வொரு மேற்கோளும் விடை தெரியாத வினாவாக அமைந்தது. அவ்வினாக்களை அவர் விட்டுவிடவில்லை, தொகுத்துக்கொண்டே சென்றார். பின்னர்த் தொகைநூல்களும் பத்துப்பாட்டும் அடங்கிய ஏடுகள் கைக்கு வந்தபோது, உரையில் முன்பே பழகிய அடிகள் அங்கே முகங்காட்டின. ஒரு நூலின் உரையைப் படித்து எழுதிய குறிப்புகள் வேறு நூல்களை அடையாளம் காணும் கருவிகளாயின. சமண சமயக் கலைச்சொற்கள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டதும் இவ்வினாக்களின் தொடர்ச்சியே.

அவருடைய பதிப்புகளில் ‘விளங்கா மேற்கோள்’ என்று ஒரு பகுதி இடம்பெறுவதைப் பலர் கடந்துசென்றுவிடுகின்றனர். உரையில் வந்துள்ள, இன்ன நூலைச் சார்ந்தது என்று கண்டுகொள்ள இயலாத மேற்கோள்களின் அகராதி அது. அறிந்ததை நிரல்படுத்துவது எல்லாப் பதிப்பாசிரியரும் செய்வது. அறியாததையும் அகரவரிசையில் அடுக்கிப் பின்வருவோர் தேடிக்கொள்ளுமாறு வைத்தவர் சிலரே. ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டி, தம் புலமையால் நிரப்பாமல் விட்டதும் இவ்வகைப் பண்பே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்க்குச் செய்யுள் இயற்றி இடைவெளியை நிரப்புவது அரிய செயலா என்று எண்ணிப் பார்த்தால் அப்புள்ளிகளின் மதிப்புத் தெரியும்.

விளங்காதது பின்னர் விளங்கியதும் உண்டு. அடியார்க்குநல்லார் தமக்குக் கருவியாக இருந்த இசை நாடக நூல்களின் பெயர்களைக் கூறுமிடத்தில் பஞ்சமரபு என்பதும் ஒன்று. நெடுங்காலம் பெயரளவில் அறியப்பட்ட அந்நூல் ஏட்டில் கண்டெடுக்கப்பட்டு 1970களில் அச்சேறியது.

இங்கே புறத்திரட்டைப் பற்றியும் ஒரு சொல். தொகுத்தவர் பெயர் தெரியாத இத்தொகுப்பு, தாம் படித்த நூல்களிலிருந்து செய்யுள்களை எடுத்து, திருக்குறளை ஒட்டிய அதிகாரப் பகுப்பில் அமைத்துக்கொண்ட ஒரு வாசகரின் திரட்டேடு. முத்தொள்ளாயிரத்தின் 100-க்கு மேற்பட்ட செய்யுள்கள் நமக்குக் கிடைத்தமைக்கு இதுவே காரணம். தகடூர் யாத்திரை முதலியவற்றின் எச்சங்களும் இதில் உள்ளன. எடுத்தெழுதியவர் நூற்பெயரையும் உடன் குறித்துவைத்ததால்தான், இச்செய்யுள்கள் இன்ன நூலைச் சார்ந்தவை என்று நம்மால் சொல்ல முடிகிறது. அவர் பெயரைக் குறியாதிருந்தால் அவை அனைத்தும் விளங்கா மேற்கோள்களின் வரிசையில் சேர்ந்திருக்கும்.

உரையாசிரியர் யாவரும் ஐயத்தைப் பதிந்தனர் என்று கூறுவது மிகையாகும். நச்சினார்க்கினியரே தம் வாசிப்பை உறுதியாக நிலைநாட்டும் இயல்பினர். 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டில் அவர் ‘மாட்டு’ என்னும் முறையால் தொலைவிலுள்ள தொடர்களை முன்னும் பின்னுமாக இணைத்துப் பொருள் கொண்டார். மறைமலையடிகள் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதனை மறுத்து, செய்யுள் கிடந்த வரிசையிலேயே பொருள் செல்லும் என்று காட்ட முற்பட்டார். அடிகளின் நடை சில இடங்களில் மறுப்புக்குத் தேவையானதை விடக் கடுமையானது. எனினும் அவர் எழுப்பியது தொடரியல் வினா. கேட்போர் செவியில் சொற்கள் விழும் வரிசைக்குப் பொருளில் பங்கு உண்டா என்பதே அது. நச்சினார்க்கினியர் தாம் ஏன் வரிசையை மாற்ற நேர்ந்தது, எவ்விடத்தில் இடர்ப்பட்டார் என்பதை எழுதியிருந்தால் இவ்விவாதம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்கும்.

அடிக்குறிப்பிலிருந்து அகராதிக்கு

1925ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த இ. வை. அனந்தராமையரின் கலித்தொகைப் பதிப்பில் அடிக்குறிப்பு தன் உச்சத்தை அடைகிறது. சில பக்கங்களில் மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் சில வரிகளே. எஞ்சிய இடம் முழுவதும் ஒப்புமைகள். முதல்முறை காண்போர்க்கு இது மிகையாகத் தோன்றும். ஒரு சொற்றொடர் சங்கப் பாடல் முதல் பிற்காலக் காப்பியம் வரை எவ்வாறு பொருள் நகர்ந்தது என்று தேடுபவர்க்கு அப்பக்கங்கள் தரும் உதவி அளவிடற்கரியது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியர். வாசகர்களின் குறிப்புகள் சீட்டுகளாகப் பிரிந்து, மீண்டும் அகரவரிசையில் ஒன்றுசேர்ந்த இடம் அது. ஒவ்வொரு பொருளின் இறுதியிலும் அடைப்புக்குறிக்குள் வரும் மிகச் சிறிய எழுத்துகளை நம்மவர் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நூற்பெயரும் எண்ணும் இருந்தால் அப்பொருள் செய்யுளின் ஓரிடத்தில் கண்டது. ‘உரை’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், அதற்கு ஆதாரம் உரை. உரையாசிரியர் அவ்விடத்தின் தேவைக்காகக் கூறிய விளக்கமாகவும் அது இருக்கலாம். ‘பிங்.’, ‘திவா.’, ‘சூடா.’ என்று மட்டும் இருந்தால், அப்பொருளுக்கு அங்கே காட்டப்பட்டுள்ள சான்று நிகண்டு ஒன்றே. மூன்றும் ஒரே தரத்தன அல்ல. லெக்சிகன் தொகுத்தோர் இவ்வேறுபாட்டை ஒளிக்கவில்லை. பயன்படுத்துவோர் அடைப்புக்குறிக்கு முன்பே கண்ணை எடுத்துவிடுவதால், ஒரு செய்யுளில் ஒரு முறை ஓர் உரையாசிரியர் கொண்ட பொருள் சொல்லின் பொதுப்பொருளாக மொழிபெயர்ப்புகளில் நுழைந்துவிடுகிறது.

சொல்லடைவுகள் இதற்கு ஓரளவு மாற்று. வ. அய். சுப்பிரமணியம் 1962இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவும் சொல்லுக்கு அதன் எல்லா இடங்களையும் மீட்டுத் தந்தன. இன்று கணினித் தேடல் அவ்வேலையை நொடியில் செய்கிறது. ஆனால் சொல்லடைவு எல்லா இடங்களையும் ஒரே எடையில் தருவது. எந்த இடத்தில் பொருள் தெளிவு, எந்த இடத்தில் ஏட்டுப் பாடமே ஐயத்துக்குரியது என்பதை அது கூறாது. இடம் மீண்டது, ஐயம் மீளவில்லை. 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் பிரதிபேதப் பகுதியையும் விசேடவுரையையும் உடன் வைத்துக்கொண்டே அத்தேடலின் விடைகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பிற் கூற்று

அந்தப் பதிப்புக்கு அயல்நாட்டில் நேர்ந்த ஒரு சந்திப்பும் உண்டு. மைசூரிற் பிறந்த ஏ. கே. இராமானுசன் 1962ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறை அடுக்குகளில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிச் சென்றவர், சாமிநாதையரின் குறுந்தொகையைக் கண்டெடுத்தார். 1967இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதன் விளைவு. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாக அறியப்படும் பழைய உரைகள் மறைந்துபோயின. ஆதலின் பழையவுரையின் துணையின்றிச் சாமிநாதையர் தாமே எழுதிய பதவுரையும் ஒப்புமைகளுமே இராமானுசனுக்கு வாயிலாக அமைந்தன.

அவர் செய்த ஒரு தேர்வு நம் பொருளுக்கு நேர்த் தொடர்புடையது. கூற்றுகளை அவர் சுருக்கித் தலைப்புகளாக்கினார்: அவள் சொன்னது, அவன் சொன்னது, தோழி சொன்னது என்ற வகையில். தமிழில் பாடலின் அடியில் வாசகர் குறிப்பாக நின்றது, ஆங்கிலத்தில் பாடலின் முடியில் ஆசிரியரின் சொல்லைப் போல ஏறி நின்றது. பிறமொழி வாசகர்க்கு இது பெருந்துணை. நாடகப் பாங்கான அப்பாடல்களில் பேசுவோர் யார் என்று அறியாமல் நுழையவே முடியாது. இழப்பு என்னவென்றால், அத்தலைப்பு ஒரு வாசகரின் முடிவே என்பதும், சில பாடல்களில் வேறொரு முடிவும் அதனருகில் எழுதப்பட்டிருந்தது என்பதும் ஆங்கிலப் பக்கத்தில் தெரிவதில்லை. தலைப்பு ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கும். கவிதையாக மொழிபெயர்ப்பவரை இதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டாவது கூற்றுக்குப் பொருந்தும் வகையில் அதே பாடலை மொழிபெயர்த்தால் வினைமுற்றின் தொனியும் விளியும் மாறக்கூடும் என்பதை மாணவர்கள் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். தோழியை நோக்கிச் சொல்வதாகக் கொண்டால் முறையிடுதலாக ஒலிக்கும் ஓர் அடி, சிறைப்புறத்தே நிற்கும் தலைவன் கேட்குமாறு சொல்வதாகக் கொண்டால் குத்தலாக மாறிவிடும்.

ஈவா வில்டன் வெளியிட்ட நற்றிணை (2008), குறுந்தொகை (2010) செம்பதிப்புகளில் ஏட்டுப் பாடவேறுபாடுகளும் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பும் தரப்பட்டிருப்பதுடன், கூற்றும் பாடலோடு சேர்த்தே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. பொருள் உறுதிப்படாத இடங்களில் மாற்று வாசிப்பு உடன் நிற்கிறது. ஓட்டமாகப் படிப்பதற்குரிய பக்கங்கள் அல்ல அவை. கையில் பென்சிலுடன் அமர வேண்டியவை.